எங்கள் வீட்டு வெளிநாட்டுக்காரன்

பத்து வயதில் எனக்கு வந்த ஒரு கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஐந்து வயதுப் பொடியன் ஒருவனுக்காக, அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட சீன எல்லையை எனக்கு இல்லை என்று ஆக்கினார்கள். அந்தப் பொடியன் என் தம்பி.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். நான் கோயம்புத்தூரில் பிறந்து மூன்று வயதில் அமெரிக்கா போனவள். தம்பி அங்கேயே பிறந்தவன். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்தபோது, பெரியப்பா குடும்பத்தோடு சேர்ந்து சிக்கிமில் கேங்டாக் போவதாக ஏற்பாடு. பனியைப் பார்க்கலாம் என்று பெரியம்மா பூரித்துப்போனாள். வருஷா வருஷம் வீட்டு வாசல் டிரைவ்வேயில் பனி அள்ளி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் அப்பா, இதற்காக இமயமலை ஏறவேண்டுமா என்று முனகினார். எனக்கும் பனி வேண்டாம். எனக்கு வேண்டியது நாதுலா கணவாய். அங்கே ஒரு வேலி, இந்தப் பக்கம் நம் சிப்பாய், அந்தப் பக்கம் சீனச் சிப்பாய். அந்த வேலியோரம் நின்றுவிட்டு வந்து வகுப்பில் பேசப்போவதாக டீச்சர் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோரிடமும் ஜம்பமாகச் சொல்லிவைத்திருந்தேன்.

கணவாய்க்குப் போக அனுமதி வாங்கவேண்டும். முந்தின நாள் வண்டிக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தம்பியுடையதை மட்டும் தனியே எடுத்து ஹோட்டல் மேசைமேல் வைத்தார். அது கழுகு படம் போட்ட அமெரிக்கப் பாஸ்போர்ட். இந்தியர்கள் மட்டும்தான் அங்கே போகலாம், வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதி கிடையாது என்று இந்தியில் சொன்னார். பெரியப்பா எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அஞ்சு வயசுப் பையன் சைனாக்காரங்கிட்டப் போயி என்னத்தக் காட்டிக் குடுத்துருவான்? அவனுக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாதுங்க," என்றார்.

பெரியப்பா அதையே இந்தியிலும் சொல்ல, வண்டிக்காரர் சிரித்தார், ஆனால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஹோட்டலில் வெந்நீர் வரும் என்பதுவரை விசாரித்துவைத்திருந்த அப்பாவுக்கு, பெற்ற மகன் வெளிநாட்டுக்காரன் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

தம்பி உதட்டைப் பிதுக்கினான். "ஐ ஆம் நாட் எ ஃபாரினர். ஐ ஆம் ஃப்ரம் ஜெர்சி."

அவனோடு ஹோட்டலில் இருந்துகொள்வதாக அம்மா சொன்னாள். நியாயமான ஏற்பாடு, எனக்கு முழுச் சம்மதம். அப்பாதான் குறுக்கே விழுந்தார்.

"போனா நாலு பேரும் போறோம். இல்லீன்னா நாலு பேரும் வேண்டாம். ஒரே வீட்டுல ஒருத்தர வெளிய நிறுத்திட்டு மத்தவங்க உள்ள போறது என்னால ஆகாது."

அப்பா குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்று உயர்த்தினார்.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா குடும்பம் ஜீப்பில் கிளம்பியது. எனக்கு அனுமதி இருந்தும் என் இடம் காலியாகப் போனது.

ஈடாக எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். முதலில் புத்த மடாலயம். சுவரோரம் வரிசையாக இருந்த பிரார்த்தனை உருளைகளைத் தம்பி ஓடி ஓடிச் சுற்றினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். இளம் பிக்கு ஒருவர் அவன் கன்னத்தைக் கிள்ளி பிஸ்கட் கொடுத்தார். எனக்கும் நீட்டினார், நான் வாங்கவில்லை. புத்தரிடம் எனக்கு விரோதமில்லை, ஆனால் அன்று யாரிடமும் சமாதானமாகப் போகிற எண்ணமில்லை. அடுத்து ஓர் அருவி. டிசம்பரில் அது வாளி நிரப்பும் வேகத்தில்தான் விழுந்தது, அதையும் அம்மா அழகு என்றாள். கடைசியாக மலை உச்சியில் அனுமன் கோயில். நாங்கள் படியேறி முடித்த நேரம் மேகம் விலகி, எதிரே கஞ்சன்ஜங்கா முழுசாகத் தெரிந்தது. கூட்டமே அங்கே திரும்பியது. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"திரும்பிப் பாரு கண்ணு. இதப் பாக்கத்தானே இத்தன தூரம் வந்தோம்," என்றாள் அம்மா.

"நான் இதப் பாக்க வரல. அவன்தானே ஃபாரினர், நான் என்ன பண்ணினேன்? அவன் பையன், அதான். இதே நானா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பீங்க."

அம்மா அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வந்து, மலைக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் அவரும் நின்றுகொண்டார். என் தோளில் கைவைத்தார். நான் தட்டிவிட்டேன். சாயங்காலம் பெரியப்பா மகன் திரும்பி வந்து, சீனச் சிப்பாய் தன்னைப் பார்த்துக் கையசைத்ததாக அளந்தபோது எழுந்துபோய்ப் படுத்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வெளிநாட்டுக்காரர்கள் நாங்கள் மூன்று பேர்தான், தம்பி இல்லை. அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டுதான் நான் அங்கே வாழ்ந்தேன், அந்த ஒட்டு இருபத்தோரு வயதோடு விட்டுவிடும். கிரீன் கார்டு வரிசையில் அப்பாவின் முறை அதற்குள் வராது என்று, நாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே வக்கீல் சொல்லியிருக்கிறார். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு போன பிள்ளையை இருபத்தொன்றில் நீ யார் என்று கேட்பதும் ஒரு சட்டமாம். அது என்னிடம் கேட்டது. நான் இப்போது டொரண்டோவில் இருக்கிறேன்.

அன்று ஹோட்டல் அறையில் அப்பா குரலை உயர்த்தியது தம்பிக்காக என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வெளியே நிற்கப்போகிறவள் யார் என்பது அவருக்கும் அம்மாவுக்கும் அப்போதே தெரிந்திருந்தது.