சவரி மாமா நோவாவாக நடித்த அன்று

பன்னீர் திராட்சை ஏற்றி இறக்கிய வண்டிக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. புளிப்பும் இனிப்பும் கலந்து பலகை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்...

அந்த வாசனைக்கு நடுவே பன்னிரண்டு பெண்பிள்ளைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, உத்தமபாளையம் பக்கத்திலிருந்து வைகை அணை வரைக்கும் தொண்டை கட்டப் பாடிக்கொண்டே போனேன். எங்கள் தேவாலயப் பங்கு இளையோர் குழுவில் பெண்பிள்ளைகள் போன முதல் டூர் அது.

அப்போது நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். பங்குச்சாமி கூப்பிட்டு, "ஸ்டெல்லா, இளையோர் குழுவ நீ பாத்துக்கம்மா" என்றார்.

பாட்டுப் பயிற்சி, கோயில் கூட்டுவது, குருத்தோலை பின்னுவது... எல்லாவற்றுக்கும் பெண்பிள்ளைகள் வருவார்கள். டூர் என்றால் மட்டும் பையன்கள் போவார்கள்.

"இந்தத் தடவ எல்லாரும் போறோம் சாமி."

அவர் சிரித்தார். "நீயே வீடு வீடாப் போய்க் கேளு. விட்டாகன்னா போங்க."

போனேன். பதினோரு வீட்டில் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதில்.

"சவரி அண்ணன் மகள விட்டாகன்னா நாங்களும் விடுறோம்."

அவர் விடமாட்டார் என்ற தைரியம்தான். மகள் ஜெசிந்தா டியூஷன் போனாலே தெருமுனையில் பைக்கை நிறுத்திக் காத்திருக்கும் மனிதர். பன்னிரண்டாவது வீடு அவருடையது.

தோட்டத்துக்கே போய்விட்டேன். சவரி மாமா பந்தலுக்கு அடியில் நின்று கத்தரியால் திராட்சைக் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பாமலேயே கேட்டார்.

"பயலுகளும் வர்றானுகளா?"

"வர்றாக மாமா. அவுக தனி வேன்."

கத்தரி நிற்கவே இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்போதுதான், கீழே உட்கார்ந்து பெட்டியில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, ப்ளஸ் டூவே முடிச்சுட்டேன். இங்கன இருக்க அணைய இன்னும் பாத்ததில்லப்பா."

கத்தரி நின்றது.

"பிள்ளைகளுக்கு யாரு வண்டி?"

"தேனில ஒரு வேன் பேசியிருக்கோம் மாமா."

"வேணாம்னு சொல்லிரு. என் திராட்சை வண்டில வரட்டும். நாந்தான் ஓட்டுவேன்."

நான் திரும்பி வருவதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. பதினோரு வீட்டுக்கும் வேறு வழி இல்லை.

அணைப் பூங்காவில் மாமா ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து விரலை நீட்டிப் பெண்பிள்ளைகளை எண்ணுவார். பன்னிரண்டு வந்த பிறகுதான் உட்காருவார். பையன்கள் பயந்துபோய் முப்பதடி தள்ளியே நின்றார்கள். நான் யோசித்து வைத்திருந்த விளையாட்டெல்லாம் சப்பென்று போனது.

மத்தியானம் கடைசி முயற்சியாக இரண்டு அணி பிரித்தேன். பையனும் பெண்ணும் கலந்து. சீட்டில் வரும் பைபிள் கதையை வாய் திறக்காமல் நடிக்க வேண்டும், எதிரணி கண்டுபிடிக்க வேண்டும்.

ஜெசிந்தா எடுத்த சீட்டில் நோவாவின் பேழை, பெருவெள்ளத்துக்கு முன் மிருகங்களை ஏற்றிக்கொண்ட கப்பல்.

பேழைக்கு வண்டி இருக்கிறது. நோவாவுக்கு? அவள் நேரே மரத்தடிக்குப் போனாள். அப்பா காதில் ஏதோ சொன்னாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

மாமா வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு மீசையோடு விறைப்பாக நின்றார். யானை ஏறியது. இரண்டு குரங்கு ஏறியது. ஒட்டகமாக வந்த தாமஸ், கழுத்தை ஆட்டிக்கொண்டே வரிசையில் குறுக்கே புகுந்தான். மாமாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏலே ஒட்டகம், வரிசைல வாடா. மழை வர்றதுக்குள்ள கதவ அடைக்கணும்ல."

வாயைத் திறந்ததால் அணி அவுட். அதை அறிவிக்கும் நிலையில்தான் நான் இல்லை. யானை சிரித்துச் சிரித்து வண்டியிலிருந்து உருண்டது. மாமாவும் தொடையைத் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளை எண்ணவே மறந்துவிட்டார். கிளம்பும்போது நான்தான் எண்ணினேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் அம்மாக்கள் கூட்டமாக நின்றார்கள்.

"பிள்ளைக ஒழுங்கா இருந்தாகளாண்ணே?"

"இருந்தாக. அடுத்த வருசம் கொடைக்கானல் போறோம்."

'போறோம்' என்றார். ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இன்று அவள் கோட்டயத்தில் நர்ஸ். நான் தேனியில் டீச்சர். போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். இளையோர் குழுத் தலைவி, காலேஜ் படிக்கும் பெண், பூசை முடிந்ததும் மைக்கில் சொன்னாள், "அடுத்த சனிக்கிழமை மூணாறு டூர். பேர் குடுக்கிறவங்க வாட்ஸ்அப்ல போடுங்க." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஒன்றே ஒன்றுதான் குறை... அந்தப் பதினோரு வீட்டிலும் என்னை உட்கார வைத்து, காபி கொடுத்துவிட்டுத்தான் மழுப்பினார்கள். அந்தக் காபியை இந்தப் பிள்ளைகள் குடிக்கவில்லை.