கறுப்புச் சக்கரங்களில் சாந்துப் பொட்டு

என் வீட்டுக்காரர் ஜோதிலிங்கத்தைப் போல ஒரு பயந்த மனிதரை இந்த டெல்லி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இருபத்தாறு வருஷமாகக் கூடவே குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? கேஸை மூடியாயிற்றா என்று மூன்று தடவை பார்ப்பார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தொங்கும். அதில் சர்ட்டிபிகேட்டுகள், ஒரு டார்ச், ஒரு பாக்கெட் பிஸ்கட். பூகம்பம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காம். மாதம் பிறந்தால் பிஸ்கட்டை மட்டும் மறக்காமல் மாற்றுவார். கார் ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்கவே மாட்டார், தலை போகிற விஷயமாக இருந்தாலும்.

இப்படிப்பட்டவரிடம் போய் எங்கள் மகள் சுபாஷிணி, கார் சக்கரங்களுக்குக் கறுப்பு நிறத்தில் பவுடர் கோட்டிங் போடலாம் என்றாள். ஜெய்ப்பூரில் காலேஜ் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் கொண்டுபோய் விட அந்தக் காரில்தான் போக வேண்டும். சக்கரங்களில் பெயின்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது உண்மைதான்.

"பெயின்ட் இல்லப்பா. பவுடரைத் தூவி ஓவன்ல வச்சு சுடுவாங்க. பக்கா ஸ்ட்ராங்," என்றாள்.

"எவ்வளவு சூட்டில?"

"டூ ஹன்ட்ரட் டிகிரி."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அலுமினியத்தை அளவுக்கு மீறிச் சுட்டால் பலம் போய்விடுமாம், விரிசல் இருந்தால் கோட்டிங் அதை மூடி மறைத்துவிடுமாம். போனில் படித்துப் படித்து எங்களுக்கும் சொல்லுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஊரெல்லாம் போடுறாங்க, உங்க சக்கரம்தான் உருகிடப் போகுதா?" என்று நான்தான் கத்தினேன். போடச் சொல்லி முடிவு கட்டியதும் நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

மாயாபுரியில் கடை. பழைய பெயின்ட்டை எடுத்ததும் நாலு சக்கரத்தையும் நகத்தால் தடவித் தடவி விரிசல் பார்த்தார். அடுப்பின் சூடு காட்டும் முள்ளுக்கு முன்னால் காவல்காரன் மாதிரி நின்றார். கடைக்காரர் பாவம், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

வண்டியை எடுக்கும் நாள் அவருக்கு ஆபீஸில் மீட்டிங். நான் போனேன். சாவியைத் தரும்போது கடைக்காரர் தெளிவாகச் சொன்னார்: "பச்சாஸ் கிலோமீட்டர் சலாகே ஆ ஜானா, பெஹன்ஜி. நட் ஃபிர் ஸே கஸ்னா ஹை." ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை மறுபடி முடுக்கிக்கொள்ள வேண்டும். புதுக் கோட்டிங் நட்டுக்கு அடியில் அமுங்கும், அமுங்கினால் பிடி தளரும்.

நான் அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் தூங்க மாட்டார், காரே வேண்டாம் என்பார், இத்தனை மூட்டையோடு ரயிலில் அலைய வேண்டும். ஜெய்ப்பூர் போய்விட்டு வரட்டும், அப்புறம் முடுக்கிக்கொள்ளலாம் என்று நானே நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சர், பரீட்சை நேரம், லீவு கிடைக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பொட்டு வைக்கப் போனால் புதுக் கோட்டிங்கின் வழவழப்பில் குங்குமம் நிற்கவே இல்லை. சாந்து பாட்டிலை எடுத்து வந்து ஒவ்வொரு நட்டுக்கும் தொட்டு வைத்தேன். குழிக்குள் விரல் போகாததால் பாதிப் பொட்டு நட்டிலும் பாதி சக்கரத்திலுமாக விழுந்தது. சுபாஷிணி தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்தரை மணி இடைவேளையில் ஒரு போட்டோ அனுப்பினாள். தாருஹேரா பக்கம் ஏதோ தாபா. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறாள். 'சார்ஜ் இல்லை, கிளம்பிட்டோம்' என்று கீழே போட்டிருந்தாள். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு சும்மா சக்கரத்தையும் பெரிதாக்கினேன்.

மூன்று பொட்டுகள் உடைந்திருந்தன. சக்கரத்தில் இருந்த பாதி அங்கேயே இருந்தது. நட்டில் இருந்த பாதி அதை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. நட்டு சுற்றியிருந்தால்தான் அப்படி ஆகும்.

உடனே போன் போட ஆரம்பித்தேன். சுபாஷிணிக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அவருக்குப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. ஓட்டுகிறார். ஓட்டும்போது எடுக்க மாட்டார். மறுபடி போட்டேன். அந்த ரோட்டில் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சக்கரம் கழன்றால் பின்னால் வருகிறவன் நிறுத்துவானா? முருகா, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவர்களை விட்டுவிடு என்று ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டுச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினாலு தடவை போட்டேன். ஒவ்வொரு முறை மணி நிற்கும்போதும் இனிமேல் எடுக்கவே மாட்டாரோ என்று தோன்றியது. பெல் அடித்து வகுப்புகள் தொடங்கிவிட்டன. நான் வகுப்புக்குப் போகவில்லை.

பதினைந்தாவது தடவை எடுத்தார்.

"என்ன வள்ளி, இத்தனை மிஸ்டு கால்?"

"வண்டி எங்க இருக்கு?"

"ஓரமா நிறுத்திட்டேன். ஸ்டியரிங் லேசா நடுங்குற மாதிரி இருந்துச்சு. ரோடுதான் சரியில்லைன்னு சுபா சொல்றா. எனக்குப் பயமா இருந்துச்சு."

"முன்சக்கர நட்டைப் பாருங்க. முடுக்கணும்னு கடைக்காரர் சொன்னார். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. பிறகு அவர் குரல், தூரத்திலிருந்து.

"இது கையாலயே சுத்துது."

நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. ஸ்பானர் இரும்பில் உரசும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு நட்டையும் முடுக்கிவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் பயந்தா என்ன வள்ளி? நம்ம வீட்ல அதுக்குத்தானே நான் இருக்கேன்," என்றார்.

அழுதுகொண்டே, மெதுவாகப் போங்க என்றேன். அவரிடம் போய் அதைச் சொல்கிறேன் பாருங்கள். வழியில் ஒரு மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டு, நாற்பதிலேயே ஓட்டி, சாயந்தரம் ஜெய்ப்பூர் போய்ச் சேர்ந்தார்கள்.

பள்ளி விட்டு வந்ததும் கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை இறக்கிப் பார்த்தேன். கிளம்புகிற அவசரத்தில் இந்த மாதம் பிஸ்கட்டை மாற்ற மறந்திருந்தார். மார்க்கெட்டுக்குப் போய்ப் புது பாக்கெட் வாங்கி வந்து நானே வைத்தேன்.