திருவையாறு பஸ்ஸில் ரெஜினா மேடம்

ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது என் எதிரே ஒருவர் அமர்ந்து தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு அறைக்குள்ளேயே நடந்தேன். தஞ்சாவூரில் ஒரே மாடியில், அடுத்தடுத்த அறைகளில் மனநல ஆலோசகர்களாகப் பல வருடம் இருந்தவர்கள் நாங்கள். பாதி நாள் வாக்குவாதம்தான். அடக்கத்துக்குப் போய்வந்தும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

தொண்ணூறுகளில் எங்களிடம் வந்தவர்களில் பலர் வெளிநாடு போனவர்கள், அல்லது போனவர்களுக்காகக் காத்திருந்தவர்கள். பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து சாகுலை அவர் மனைவி மும்தாஜ் அழைத்துவந்தார். சாகுல் வளைகுடாவில் லாரி ஓட்டியவர். வண்டி கவிழ்ந்து, நசுங்கிய கேபினுக்குள் செத்துப்போன கூட்டாளியோடு மாட்டிக்கொண்டு கிடந்தவர். ஊருக்கு வந்த பிறகு மூடிய அறையில் அவரால் இருக்க முடியவில்லை. லீவு முடிந்து திரும்பிப் போகவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மேடம் வழக்கம்போலக் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். சாகுல் எழுந்து படியிறங்கி ஓடிவிட்டார். மேடம் பின்னாலேயே போய், கீழே டீக்கடையில் அவரைப் பிடித்தார்.

“நான் சொன்னது உங்களுக்கு ஒத்துக்கலை. எங்க இருந்தா மூச்சு சீரா வருது?”

“பஸ்ல படிக்கிட்ட நின்னா பரவாயில்லைங்க. நினைச்சா எறங்கிடலாம்.”

“அப்ப பஸ்லயே பேசுவோம்.”

மறுவாரம் முதல், கூட்டமில்லாத மதியப் பஸ்ஸில் மும்தாஜையும் சேர்த்து மூவரும் திருவையாற்றுக்குப் போனார்கள். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகக் கடந்து போகிற பஸ் அது. படியில் நின்ற சாகுல் மெல்ல மெல்லக் கடைசி இருக்கைக்கு வந்தார். முடியாத நாளில் வழியில் இறங்கி, வயலோரம் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒருநாள் குடமுருட்டிப் பாலத்தில் அவராகவே சொன்னாராம்: “தண்ணி கேட்டான் மேடம். எனக்குக் கை எட்டலை.” மும்தாஜ் அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாராம்.

“இது என்ன வைத்தியம்? இதற்கென்று ஒரு வழிமுறை வேண்டாமா?” என்று நான் சண்டை போட்டேன். “தெரியலை. அவருக்கு ஆகுதுல்ல” என்றார். மகன் அமெரிக்கா போய்விட்டதால் தூக்கமிழந்த திருக்காட்டுப்பள்ளி அம்மா ஒருவர் வந்தபோது, “இவங்களையும் பஸ்ல ஏத்துங்களேன்” என்று கேலி செய்தேன். “அவங்களுக்கு வீடு காலியா இருக்கறதுதான் கஷ்டம். வெளிய கூட்டிட்டுப் போய் என்ன பண்றது?” என்றவர், அந்த அம்மா வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து பேசவைத்தார்.

கதவு மூடிய காரில் சாகுல் தஞ்சாவூர் வந்த நாளில், விசா வாங்கிக்கொடுத்த அவர் அண்ணனும் கூட வந்தார். “தம்பி இனிமே போலாம்ல மேடம்?” என்று கேட்டார். மேடம் சாகுலைப் பார்த்தார்.

“இப்ப என்னால போக முடியும்ணே. அப்பல்லாம் பயத்துல மாட்டேன்னேன். இப்ப யோசிச்சுச் சொல்றேன், போகலை.”

அண்ணன் விடுவிடுவென்று படியிறங்கிப் போனார். தம்பியோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நான் பாராட்டிக் கைகொடுக்கப் போனபோது மேடம் வராந்தாவில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். “நல்லது பண்ணினேனா, அண்ணன் தம்பியைப் பிரிச்சுட்டேனான்னு தெரியலைங்க” என்றார். சாயங்காலம்வரை உட்காரவில்லை.

சாகுல் பிறகு தேங்காய் வியாபாரத்தில் இறங்கினார். அடக்கத்தன்று சர்ச்சில், நெருக்கும் கூட்டத்தின் நடுவே நின்று அழுதுகொண்டிருந்தார். அண்ணன் இப்போது பேசுகிறாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய ‘தெரியலை’யைத்தான். அது நிம்மதி தருகிற சொத்து அல்ல. நேற்று ஒரு பெண் வந்தார். அவர் வாய் திறந்ததுமே, என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனாலேயே ஒன்றும் சொல்லாமல், அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.