அம்மா பெயரில் வந்த கிரைண்டர்

அரசாங்கம் எங்கள் அம்மாவுக்கு ஒரு கிரைண்டர் கொடுத்தது. பெண்கள் சிறுதொழில் தொடங்க உதவும் திட்டம் ஒன்று தொண்ணூறுகளில் தில்லியில் இருந்தது. அப்பாவுக்குக் கேன்டீன் வேலை போன பிறகு, அம்மா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு அதை வாங்கினாள். கோட்லாவில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையை அது அடைத்துக்கொண்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்கு எங்கள் இட்லி மாவு போக ஆரம்பித்தது. இரண்டே மாதம். மழைக்காலக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள்.

காரியத்துக்குச் சேலத்திலிருந்து வந்த சித்தி, அம்மாவின் தங்கை, ஊர் திரும்பவில்லை. எனக்கு எட்டு வயது. பெண் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? மாவரைப்பதும் அவள் வேலையாயிற்று. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி நேரில் வருவார்; உரிமையாளர் தொழில் செய்வதைப் பார்ப்பார்; இல்லையென்றால் கிரைண்டரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அம்மா இறந்ததை அப்பா அங்கே சொல்லியிருக்கவில்லை. சொன்னால் பெயரை மாற்றித் தந்திருப்பார்களோ என்னவோ. கேட்பதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. கிரைண்டர் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அம்மாவும் சித்தியும் ஒரே அச்சு. ஆனால் விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவில் அம்மாவின் கழுத்தில் தாலி தெரிந்தது. சித்தி கழுத்து வெறுமையாக இருந்தது. கோட்டை விடுவதற்கு எவ்வளவோ இடம் இருக்க, அப்பாவுக்கு அது ஒன்றுதான் பெரிய ஓட்டையாகப் பட்டது. மஞ்சள் டப்பாவிலிருந்து அம்மாவின் தாலியை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"ஒரு மணி நேரந்தாம்மா. அவர் போனதும் கழட்டிடு," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பட்டப்பகல். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அம்மாவின் பச்சைப் புடவை. அம்மாவின் கொண்டை. குனிந்து இடது கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். இடது கைப் பழக்கம் அம்மாவுக்குத்தான். சித்தி எல்லாவற்றையும் வலது கையால் செய்கிறவள். பயந்தேன், அதே சமயம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது.

ஏற்கெனவே வந்திருந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பெயர் கேட்டார். அவள் கொஞ்சமும் தயங்காமல் அம்மாவின் பெயரைச் சொன்னாள். குரலும் அம்மாவின் குரலாகவே இருந்தது. அவர் போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேட்டி, யே கௌன் ஹை?"

மகளே, இது யார் என்கிறார். அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கெல்லாம் பாடம் சொல்லி வைத்திருந்த அப்பா என்னை மறந்திருந்தார்.

"அம்மா," என்றேன்.

அவள் கை மாவிலேயே நின்றது. அதிகாரி "அச்சா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கிரைண்டரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கழட்டிடும்மா," என்றார் அப்பா.

சித்தி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "எப்படிக் கழட்டறது மாமா? நீங்க உயிரோட நிக்கறீங்களே," என்றாள்.

தாலி அன்றைக்கும் கழலவில்லை, பிறகும் கழலவில்லை. சேலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டைப் பற்றி வந்த கடிதங்கள் நின்றுபோயின. மார்க்கெட் கடைக்காரர்கள் அவளை அம்மாவின் பெயரால் கூப்பிட்டார்கள். நாளடைவில் அப்பாவும் அப்படியே கூப்பிட்டார்.

மறுவருஷம் அம்மாவின் திதியன்று சித்தி மொட்டைமாடியில் காகத்துக்குச் சோறு வைத்தாள். காகம் வருவதற்குள் கீழேயிருந்து ஒரு கடைக்காரர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார். "இதோ வரேன்," என்று சித்தி இறங்கிப் போனாள்.

நான் சோற்றுக்குக் காவலாக நின்றேன். அதிகாரி கேட்டதற்குச் சரியான பதில் சொன்ன பெருமை எனக்கு அப்போதும் தீரவில்லை. அம்மாதான் கீழே இருக்கிறாளே; காகம் யாருக்காக வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.