நாலு பேருக்கு ஒரு பந்து

பந்தாடிய காலத்தில் எனக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். பின்னால் நின்று ஓங்கி உதைத்தால் பந்து எதிராளியின் கோல் போஸ்ட் பக்கம் போய் விழும்; ஜனம் கை தட்டும். முழங்கால் உடைந்த பிறகு, பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் டீமுக்கு என்னைக் கோச் ஆக்கினார்கள். அந்த உதையை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் பகுதி மதராஸோடு சேர்வதா, கேரளத்தோடு இருப்பதா என்று எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். முதல் நாள் மாற்று ஆளோடு பன்னிரண்டு பேரையும் சர்ச் மைதானத்தில் நிறுத்தி விசில் ஊதினேன். போலீஸ் வந்துவிட்டது என்று ஜங்ஷனில் கடைகளைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே போலீஸ் வந்தது.

"அஞ்சு பேரு கூடினா கேஸாக்கும், தெரியாதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது பந்துகளி சாரே."

"களியோ ஜாதா ஊர்வலமோ, எனக்குத் தலையெண்ணிக்கைதான் கணக்கு. நாலு பேரோட நிறுத்திக்கோ."

அடுத்த மாதம் நெய்யாற்றின்கரையில் மேட்ச். அங்கே தடை கிடையாது. அதில் தோற்றால் மைதானத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நடுவது என்று சபைக் கமிட்டி முடிவு செய்திருந்தது. தலைவர் நடுவதற்குக் கம்புகூட வெட்டி வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் டீமை நாலு நாலாகப் பிரித்து மைதானத்தின் மூலைகளில் விட்டேன். கூட்டத்துக்கு ஒரு பழைய பந்து. எவனாவது ஓங்கி உதைத்தால் பந்து அடுத்த கூட்டத்துக்குள் போகும். எடுக்கப் போகிறவனோடு அங்கே ஐந்து பேர். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் லத்தியைத் தூக்குவார். ஆகவே, "ஓங்கி அடிக்காதேலே, பக்கத்திலே குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பழைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செல்லையனும் வாசுவும் ஒரே கூட்டம். மதராஸ் ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று ஜாதா போகிறவன் செல்லையன். வாசு ஐக்கிய கேரளக்காரன். இருவரும் மிண்டுவதில்லை, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. ஆனால் பந்து மட்டும் இருவருக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தது.

மேட்ச் அன்று காலையில் செல்லையன் லாக்கப்பில். முந்தின நாள் ஜாதாவில் கோஷம் போட்டிருக்கிறான். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"சொந்த நிலத்துக்குக் கரம் கெட்டின ரசீதோட ஒருத்தன் ஜாமீன் நின்னா விடுகேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு வாடகை வீடு; நிலவரி ரசீதுக்கு எங்கே போவேன்? அப்போது விஷயம் கேள்விப்பட்டு வாசு தன் நிலத்து ரசீதோடு உள்ளே வந்தான்.

இன்ஸ்பெக்டருக்கே ஆச்சரியம். "எலே, நீ அந்தக் கட்சியல்லவா? இவனுக்கா ஜாமீன்?"

"ஸ்டேட்டு எங்கோட்டு வேணும்னாலும் போட்டும் சாரே. லெப்ட் சைடில எனக்கு இவன் வேணும்."

நெய்யாற்றின்கரைக்காரர்கள் என்னைப்போலவே ஓங்கி உதைக்கிறவர்கள். எங்கள் பையன்கள் பந்தைக் காலைவிட்டுப் பிரியவிடாமல் பக்கத்திலேயே கொடுத்து வாங்கி முன்னேறினார்கள். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசு கொடுத்தான். செல்லையன் திருப்பிக் கொடுத்தான். வாசு மறுபடியும் கொடுத்தான். செல்லையன் உள்ளே தள்ளினான். கோல்! உடைந்த முழங்காலோடு நான் குதித்த குதி இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. கமிட்டித் தலைவர் மரச்சீனிக் கம்பைத் தன் வீட்டுப் பின்புறத்தில் நட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வாசுவிடம் போய், "இனியாவது அவன்கிட்ட மிண்டப்பிடாதா மக்கா?" என்றேன்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: "பந்து குடுக்கதுக்கு மிண்டணுமா அண்ணே?"

அதன் பிறகு எத்தனையோ டீம்களுக்குக் கோச்சாக இருந்தேன். ஒற்றுமையாக இருங்கள் என்று ஒரு டீமுக்கும் நான் பிரசங்கம் செய்ததில்லை. பேசாத இரண்டு பேரைக் கண்டுபிடித்து ஒரே கூட்டத்தில் போட்டு, நடுவில் ஒரு பந்தை வைத்துவிடுவேன்.