தாங்கிக்குள் கத்திய குட்டி

1

முன் நிறை மூன்று கிலோ நூறு கிராம். பின் நிறையும் அதே. வித்தியாசம் பூச்சியம்.

மூன்றாவது கிழமையாக அதே பூச்சியம். ஆடு எவ்வளவு பால் தருகிறது என்று அறிய நாங்கள் கறப்பதில்லை. குட்டியை உரப்பையில் இட்டுத் தொங்கு தராசில் நிறுப்போம், ஊட்ட விடுவோம், திரும்ப நிறுப்போம். கூடியது எவ்வளவோ அதுதான் பால். கால்நடை வெளிக்கள உத்தியோகத்தனாக என் பாதி வாழ்க்கை இந்தக் கழித்தலில்தான் போயிருக்கிறது.

இந்த ஆட்டுக்குக் காலையில் கொஞ்சம் பால் இருந்தது. மேய்ந்து திரும்பும் பின்னேரத்தில் மடி வெறும் தோல்.

இடம் சீனன்குடா ஓரத்துப் பற்றைக்காடு. கச்சான் காற்றில் புல் கருகி, ஆடுகள் முள்ளுக்கிடையில் இலை பொறுக்கும் மாதம். ஹலீமா ராத்தா, ஊரில் எல்லோருக்கும் மூத்த சகோதரி மாதிரி. கடலுக்குப் போன ஒரே மகன் திரும்பாத வீட்டில், எங்கள் திணைக்களத் திட்டத்தில் கிடைத்த கறுப்பு ஆட்டோடு தனியாக இருந்தார். அது ஈன்ற இரண்டு குட்டிகளில் பெட்டை எட்டாம் நாள் செத்தது. மிஞ்சிய கிடாய்க்குட்டி நிற்கவே கால் நடுங்கியது. அடுத்த கிழமையும் நிறை கூடாவிட்டால் ஆட்டைத் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். அது விதி.

"ராத்தா, பின்னேரத்துக்கு முதல் நீங்கள் கறக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். "எனக்குச் சீனி வருத்தம் சேர். பாலும் விடாத வெறும் தேத்தண்ணிதான். கறந்து ஆருக்கு ஊத்த? உங்கட தராசுக்கா?"

நான் சிரிக்கவில்லை. படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.

"என்ன எழுதினீங்க?"

வாசித்துக் காட்டினேன்: உரிமையாளர் பால் கறப்பதாகச் சந்தேகம்.

முக்காட்டு நுனியை விரலில் சுற்றினார். சொல்வதா விடுவதா என்று ஏதோ ஒன்று வாய்வரை வந்து திரும்பியது.

"நாளைக்கு மத்தியானம் வாங்க," என்றார். "கண்ணால கண்டுட்டு எழுதுங்க."

2

மறுநாள் மத்தியானம். ஊராரின் மற்ற ஆடுகள் நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தன. தூரத்தில் துறைமுகம் தகரம்போல் மினுங்கியது. திடீரென்று கறுப்பு ஆடு எழும்பிக் காதை நிமிர்த்தியது. யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல் நடந்தது. நாங்கள் பின்னால் போனோம்.

பற்றைக்குள், ஒரு காலத்தில் எண்ணெய் நிரப்பிவைத்துப் பின் கைவிடப்பட்ட, வீடளவு பழைய இரும்புத் தாங்கி ஒன்று, பாதி மரங்களுக்குள் புதைந்து நின்றது. துரு தின்ற ஓட்டைக்குள் ஆடு தலையை விட்டுக் கத்தியது.

உள்ளிருந்து பதில் வந்தது. மெலிந்த, ஈரமான, பிறந்து எட்டு நாளான குரல்.

நான் ஆட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டு.

"உள்ளுக்குக் குட்டி நிக்குதா?"

"ஒண்டுமில்ல சேர். இரும்புதான். கூப்பிட்டா மெல்லிசாக்கித் திருப்பித் தருது."

ஆடு மீண்டும் கத்தியது. குட்டி மீண்டும் பதில் சொன்னது. யாரும் தொடாமலே காம்பிலிருந்து பால் சொட்டியது. பிறகு நூலாக ஒழுகியது. கீழே மண்ணில் ஏற்கெனவே வெள்ளையாகக் காய்ந்த வட்டம். எறும்புகள் நேரம் தெரிந்து முன்பே வந்து காத்திருந்தன.

இதைப் பால் இறங்குதல் என்போம். குட்டியின் குரல் கேட்டால் மடி இளகும். செத்த குட்டிக்கும் இளகும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"முள்ளு வெட்டி ஓட்டையை அடைப்பம், ராத்தா."

"அடைக்க ஏலாது!" குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தணிந்து, "அடைச்சா அது தலையை முட்டி முட்டியே செத்துப்போகும். கிடாயை இஞ்ச கொண்டருவம். செத்தது கூப்பிடட்டும், இருக்கிறது குடிக்கட்டும்," என்றார்.

3

அடுத்த நாள் மத்தியானம் தாங்கிக்குப் பக்கத்துக் கிளையிலேயே தராசைக் கட்டினேன். தாய் ஓட்டைக்குள் கத்த, ராத்தா குட்டியை மடிக்குக் கீழே விட்டார். அது முட்டி முட்டிக் குடித்தது, வால் துடித்தது. தாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த குரலுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

முன் நிறை மூன்று கிலோ நூறு. பின் நிறை மூன்று கிலோ முந்நூறு.

பழைய குறிப்பின் மேல் கோடு கீறினேன். ராத்தா எட்டிப் பார்த்தார்.

"வடிவா அடியுங்க சேர். இன்னும் வாசிக்க ஏலுது."

இன்னும் நாலு கோடு கீறினேன். குட்டி பிழைத்தது, ஆட்டை யாரும் எடுக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பூச்சியத்தைக் கண்டால் எண்ணை எழுதுங்கள், குறிப்புக் கட்டத்தை ஒரு நாளாவது வெறுமையாக விடுங்கள். மத்தியானம் ஆட்டுக்குப் பின்னால் நடந்து பாருங்கள்.

அன்றைக்குத் தராசைக் கழற்றும்போது ஓட்டைக்கு மேலே பார்த்தேன். குனிந்து நிற்கும் ஒருவர் கை ஊன்றும் உயரத்தில், துரு தேய்ந்து இரும்பு பளபளக்கும் இரண்டு இடங்கள். ஒன்று இடது உள்ளங்கை. மற்றது வலது.

"ராத்தா, நீங்களும் மகனைக் கூப்பிட்டுப் பாத்தனீங்களா?"

அவர் குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"ஆடு இதை ஆரைப் பாத்துப் பழகினது எண்டு நினைக்கிறீங்க, சேர்?"