அண்டாவுக்குள் கூடாரம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் துணிதான் பெரிய பஞ்சம். அந்த நேரம் பார்த்து இளைஞர் அணித் தலைவர், நாலு பேருக்கு ஒரு கூடாரம் கொண்டுவந்தால்தான் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் நடக்கும் முகாமில் சேர்ப்பேன் என்றார். முகாமை முடித்தவனுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கிடைக்கும். பட்டை இல்லாத வாலிபனைச் சடக்கில் நடந்து போகும்போதே பிடித்து, ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை.

ரப்பர் ஷீட் மட்டும் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. அதில் ஒரு கூடாரம் ஒட்டிப் பார்த்தோம். வெயில் ஏறியதும் இளகித் தொங்கி, உள்ளே படுத்திருந்த என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில், கம்போங் செட்டியில் இருந்த என் கூட்டாளியின் அக்காதான் பெட்டியைத் திறந்தார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கிய வெள்ளைத் துணி. தன் கல்யாணத்துக்குக் கெபாயா என்கிற மேல்சட்டையும் மாப்பிள்ளைக்குச் சட்டையும் தைக்க வைத்திருந்தார். நூல் கிடைக்காமல் அன்னாசி நாரை நூலாகத் திரித்துக்கொண்டிருந்ததால் இன்னும் வெட்டவில்லை.

"ஜாங்கான் கோயாக்," என்றார். அந்த வீட்டில் பேசுவது மலாய்தான். கிழிக்காதே என்று சொன்னது தம்பியிடம், பார்த்தது என்னை. துணியா தம்பியா என்று அவர் யோசிக்கவே இல்லை. யாரை நம்பிக் கொடுக்கிறோம் என்றுதான் யோசித்திருப்பார்.

முகாமில், துணியில் ஓட்டை போடக்கூடாது என்பதால், மூலைக்கு ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, கல்லுக்குக் கீழே கயிற்றைக் கட்டினோம். கயிற்றை ரப்பர் மரத்தில் கட்டப் போனேன்.

"அங்க வேணாம்லா. பால் கறை பட்டா போவாது," என்றான் கூட்டாளி.

"கல்யாணப் பொண்ணு நீயா, ஒங்க அக்காவா?"

மூங்கில் வெட்டி நட்டுக் கட்டினோம்.

மத்தியானம் அண்டாவில் மரவள்ளிக்கிழங்கு வெந்த நேரம் வானம் கறுத்தது. மற்றவர்கள் தங்கள் கோணிக் கூடாரங்களுக்குள் ஓடினார்கள். செம்மண் தெறித்தால் வெள்ளைத் துணி போயே போச்சு. நாங்கள் கூடாரத்தைக் கழற்றி, கிழங்கைக் கையில் அள்ளிக்கொண்டு, அண்டாவைத் துடைத்து, வாழையிலை விரித்து, துணியை உள்ளே வைத்து மூடினோம். அதைச் சுற்றி நாலு பேரும் நனைந்துகொண்டு நின்றோம். எங்களைக் காக்க வந்ததை நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவர் வந்தார். "கூடாரம் எங்கடா?"

"அண்டாவுக்குள்ள இருக்குண்ணே," என்றேன்.

"ஒனக்கு எப்பவும் கிண்டல்தான். நாலு பேரும் வீட்டுக்குக் கெளம்புங்க."

மூடியில் கை வைத்தார். கூட்டாளி அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினான்.

"அக்கா கல்யாணத் துணி, அண்ணே. மழ நிக்கட்டும்."

தலைவர் போட்டிருந்ததும் மாவு மூட்டையில் தைத்த சட்டைதான். கையை எடுத்துக்கொண்டார். மழை விட்டதும் மறுபடி கட்டிக் காட்டினோம். அவர் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தார். போகச் சொன்ன பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

முகாம் முடிந்து துணியைத் திருப்பிக் கொடுத்தபோது, "நல்லாத் தொவைங்க அக்கா, மாப்பிள்ளைக்குக் கெழங்கு வாசம் அடிக்கப்போவுது," என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. துணியை மடியில் போட்டுக்கொண்டு, தம்பியின் கைப்பட்டை முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.